நீ காலால் திருப்பி வைத்த ஸ்பீக்கர்

செப்டம்பர் பதினாலு, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது. திண்டிவனத்தில் உன் வீட்டு மாடி அறை. கீழே கூடத்தில் ஸ்பீக்கர் பெட்டிகள் நான்கு. ஐந்து மணிக்கு அதில் இரண்டு வண்டியேறிப் பாண்டிச்சேரிக் கடைக்குத் திரும்பியாக வேண்டும். எந்த இரண்டு என்பதில்தான் எனக்கும் உன் அம்மாவுக்கும் தகராறு. அவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார். நான் உன் மேஜை முன்னால் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். வேறு யாரிடம் சொன்னாலும் ஒரு ஜோடி ஸ்பீக்கருக்காகவா இவ்வளவு என்று கேட்பார்கள். நீ கேட்க மாட்டாய்.

காலையில் அட்டைப்பெட்டியின் டேப்பைக் கிழித்ததும் அந்த வாசனை வந்தது. மரப்பசையும் புது ரப்பரும் தெர்மாகோலும் கலந்த வாசனை. எந்தக் கடையில் பெட்டி பிரித்தாலும் நீ தலையை உள்ளே விட்டு மூச்சை இழுப்பாய். கடைக்காரர் முறைப்பார். "மீட்டரு, பாட்டு அப்பறம். மொதல்ல இத மோந்து பாரு" என்பாய். எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டேன் என்பதால் நீ எனக்கு வைத்த பெயர், மீட்டர். இன்றைக்கு என் தலை தானாகப் பெட்டிக்குள் போனது. போன வேகத்தில் வெளியே எடுத்துவிட்டேன். வேலை இருந்தது.

வருகிற வெள்ளிக்கிழமை உன் வருஷப் படையல். உனக்குப் பிடித்ததெல்லாம் படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும் என்று உன் அம்மா போன மாதமே சொல்லிவிட்டார். வேட்டி சட்டை, கேப்பை அடை, வறுத்த வேர்க்கடலை, உன் பேச்சில் மல்லாட்டை, கருவாட்டுக் குழம்பு, அப்புறம் பாட்டுப் பெட்டி. "அதுக்குத்தானே ரெண்டு பேரும் ஊர் ஊரா சுத்திக்கினு இருந்தீங்க" என்றார். படையலுக்கு வைக்கிற சாமான் புதுசாக இருக்க வேண்டும். வைத்த பிறகு அந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது. இது உங்கள் வீட்டு வழக்கம். ஆகவே சேர்ந்து ஒரு ஜோடி வாங்கினால் என்று நாம் பேசி வைத்திருந்த கணக்கு, ஆறு மாதம் விழுப்புரத்தில் என் அறையில், ஆறு மாதம் திண்டிவனத்தில் உன் கூடத்தில் என்பது, இனிக் கிடையாது. எந்த ஜோடி வெள்ளிக்கிழமை உன் படத்துக்கு முன்னால் நிற்கிறதோ அது இங்கேயே நிற்கும். அதில் எனக்கு வருத்தம் இல்லை. தப்பான ஜோடி நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஏனென்றால் அதில் ஒலிக்கப் போவது உன் குரல். உன் தங்கச்சி கல்யாணத்துக்கு நீயே கட்டிய பாட்டு. விழுப்புரத்தில் என் அறையில், ஃபேனை நிறுத்தி, ஜன்னலுக்குப் போர்வை கட்டி, வேர்க்க வேர்க்க நான் பதிவு செய்தது. அதற்கு அடுத்த மாதம் நீ முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் படுத்தாய். சின்ன வயதுக் காய்ச்சல் ஒன்று உன் இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. மண்டியில் மல்லாட்டை மூட்டைக்கு நடுவில் நின்று ஏலம் கூவுகிற உன்னைப் பார்த்து யாரும் அதை நம்ப மாட்டார்கள். ஆனால் என் மைக் நம்பியது. மூன்றாவது அடிக்கு முன்னால் நீ ஒரு மூச்சு இழுக்கிறாய். நீளமான மூச்சு, நுனியில் கொஞ்சம் பிசிறு. கோப்பில் அது தெளிவாக இருக்கிறது.

அன்றைக்கே உன்னிடம் கேட்டேன். கம்ப்யூட்டரில் பத்து நிமிட வேலை, எடுத்துவிடட்டுமா என்று. நீ ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, "அது சத்தம் இல்ல மீட்டரு. அதுவும் பாட்டுலதான் கீது. எடுத்தீன்னா மூணாவது வரி எங்கிருந்து வரும்?" என்றாய். அதனால் அந்தக் கோப்பில் கை வைக்க மாட்டேன். உன் தங்கச்சியும் இன்று அதை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டாள். அவளிடமும் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு ஜோடியும் உனக்குத் தெரியும். போன வருஷம் பாண்டிச்சேரிக் கடையில் நாலு மணி நேரம் உட்கார்ந்து, கடைக்காரரின் மதியச் சாப்பாட்டைக் கெடுத்து, கடைசியில் எதை வாங்குவது என்று முடிவாகாமல் நிறுத்தி வைத்த அதே இரண்டு. சாம்பல் நிற ஜோடி ஒன்று. பதிவில் இருப்பதை அப்படியே சொல்லும், கூட்டாது, குறைக்காது. பழுப்பு நிற ஜோடி இன்னொன்று. அடிக் குரலைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும், மேல் பக்கத்தைக் கொஞ்சம் அமுக்கும். மோசமான பதிவைக்கூடக் குளிப்பாட்டித் தலைவாரி அனுப்பும். நான் மைக் வைத்து வரைந்த கோட்டைக் காட்டி, பார், நூறு ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு, மூவாயிரத்துக்கு அப்புறம் சரிவு, இது பொய் சொல்கிற பெட்டி என்றேன். நீ கோட்டைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே சொன்னாய். "பொய் இல்லடா. மரியாத."

நம் சண்டை இதுதான், கல்லூரி விடுதி நாளிலிருந்து. எனக்கு ஸ்பீக்கர் என்பது கண்ணாடி. உனக்கு அது பாடுகிற ஆள். கண்மூடிச் சோதனை வைத்துத் தீர்த்துவிடலாம் என்று என் அறையில் வேட்டியைக் குறுக்கே கட்டி, பின்னால் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றி ஒலிக்க வைத்தோம், ஞாபகம் இருக்கிறதா? ஒரே பாட்டு, ஒரே அளவுச் சத்தம், மீட்டர் வைத்துச் சமப்படுத்தினேன். ஒரு பெட்டி கொஞ்சம் கூடுதல் சத்தமாக இருந்தாலும் காது அதைத்தான் நல்லது என்று சொல்லும், அதனால். நான் கண்ணை மூடிக் கேட்டு, உனக்குப் பிடித்த ஜோடியையே நல்லது என்று தேர்ந்தெடுத்துத் தலைகுனிந்தேன். உன் ஜோடி ஒலிக்கும்போது மட்டும் நீ சத்தக் குமிழை ஒரு கோடு ஏற்றியிருந்தாய். பிடித்ததும் கொஞ்சமும் வெட்கப்படாமல், "நீ தோத்துட்ட இல்ல? அப்ப உன் காதும் என் காது மாதிரிதான்" என்றாய். எனக்கு வந்த கோபத்தில் உனக்கு அன்றைக்கு டீ வாங்கித் தரவில்லை.

முண்டியம்பாக்கத்திலும் நீ விடவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் அந்த மானிட்டர் விடாமல் கூவிக்கொண்டிருந்தது. உனக்குப் பேச மூச்சு போதவில்லை. ஆனாலும் விரலால் அதைக் காட்டி, "இது எவ்ளோ ஹெர்ட்ஸு, சொல்லு" என்றாய். நான் ஃபோனை எடுத்து அளந்து சொன்னேன். உன் அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். நீ சிரித்தாய். "கரெக்டுதான். கேக்கத்தான் சகிக்கல."

சரி. இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

கடைக்காரர் நம்மால் பட்ட பாட்டுக்கு வேறு யாராவது என்றால் கடைக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார். உனக்காக என்றதும் இரண்டு ஜோடியையும் பிரிக்காத பெட்டியில் கொடுத்தார். ஒன்றை வைத்துக்கொள்ளலாம், மற்றதை ஞாயிறு கடை சாத்துவதற்குள் திருப்ப வேண்டும், கீறல் கறை எதுவும் இருக்கக் கூடாது. நேற்று என் அறையில் பெட்டியைப் பிரிக்காமலே முடிவு செய்துவிட்டேன், சாம்பல் என்று. அப்போது உன் தங்கச்சி ஃபோன் செய்தாள். அம்மா கூடத்தில் வைத்துக் கேட்ட பிறகுதான் எதுவும் என்றாள். அதில் நியாயம் இருந்தது. அறை பாதி, பெட்டி பாதி. என் அறையில் மெத்தையும் புத்தகமும் சத்தத்தைத் தின்னும். உன் கூடத்தில் டைல்ஸ் தரை, வெறும் சுவர், இரும்பு பீரோ. அதனால் நாலு பெட்டியையும் ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக் காலையில் வந்து இறங்கினேன்.

முதலில் சாம்பல் ஜோடியைப் பிரித்து நிறுத்தினேன். முன்பக்கத்து வலையைக் கழற்றி வைத்தேன். வலை இருந்தால் மேல் சத்தம் கொஞ்சம் மறையும், எனக்குப் பிடிக்காது. வயர் எடுக்க வண்டிக்குப் போனேன். திரும்பி வந்தால் உன் அம்மா பூஜைத் தட்டோடு பெட்டிக்கு முன்னால் நிற்கிறார். மஞ்சள், சந்தனம், குங்குமம். மேலே இருக்கிற ட்வீட்டர், அந்தச் சின்னப் பட்டுக் குமிழ் மேலேயே, இரண்டு பெட்டியிலும் நடுவில் அழகாக ஒவ்வொரு பொட்டு.

நான் அப்படியே நின்றேன். உங்கள் வீட்டில் புதிதாக வந்த எந்த யந்திரமும் பொட்டு வைக்காமல் ஓடியதில்லை என்று எனக்குத் தெரியும். மிக்சி, மோட்டார், உன் வண்டி. உன் முதல் செல்போனில் கேமரா கண்ணாடி மேலேயே குங்குமம் வைத்து, ஒரு மாதம் நாம் எடுத்த படமெல்லாம் செக்கச் செவேல் என்று இருந்தது. தெரிந்தும் வலையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனது நான்தான்.

"அம்மா, அங்க ஏம்மா வச்சீங்க? கட்டை மேல வச்சிருக்கலாமே."

"அதுதானேப்பா நெத்தி மாதிரி இருந்துச்சு" என்றார்.

கேமரா தூரிகையால் தட்டிப் பார்த்தேன். தூள் போனது, கறை போகவில்லை. சந்தனம் பட்டில் ஊறிவிட்டது. மைக் வைத்து அளந்தேன், சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் கடைக்காரருக்குக் கறை கறைதான். படம் எடுத்து அனுப்பினேன். மறைத்துத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எனக்கில்லை. அவர் ஃபோனில், "சார், அது சாமி பாத்த பொட்டி. இனிமே அது உங்க வூட்டுதுதான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருந்தாலும் நான் விரும்பிய ஜோடி தானே தங்கப் போகிறது, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

பாட்டைப் போட்டேன். உன் அம்மா நடுவில் நாற்காலியில், உன் தங்கச்சி அவருக்குப் பின்னால். பெட்டி இரண்டையும் உள்பக்கமாகத் திருப்பி, அவர் காதைக் குறிபார்த்து வைத்திருந்தேன். அப்படித்தான் வைக்க வேண்டும். முதல் அடி. நீ கூடத்தில் நின்றாய். மிகையில்லை. இரண்டு பெட்டிக்கும் நடுவில், உன் உயரத்தில், உன் குரல் வந்த இடத்தைக் கை நீட்டித் தொட்டிருக்கலாம். உன் தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவது அடி. அப்புறம் அந்த மூச்சு.

உன் அம்மா கையை உயர்த்தினார்.

"நிறுத்துப்பா. எம்புள்ளைக்கு மூச்சு வாங்குது."

நிறுத்தினேன். தெருவில் பாண்டிச்சேரி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவருக்குத் தெரிந்த மூச்சு அது. முண்டியம்பாக்கத்தில் கட்டிலோரம் உட்கார்ந்து அதைத்தான் அவர் ராத்திரி பகலாகக் கேட்டார். வேறு வழி இல்லாமல் பழுப்பு ஜோடியைப் பிரித்து மாட்டினேன். வலையைக் கழற்றவில்லை, பூஜைத் தட்டு உள்ளே போயிருந்தது, ஆனாலும் கழற்றவில்லை. அதே பாட்டு. குரல் கொஞ்சம் கனத்து, கொஞ்சம் உருண்டு வந்தது. மூச்சு வருகிற இடத்தில் ஏதோ துணி உரசியது போல் ஒரு சத்தம், அவ்வளவுதான். உன் அம்மா முடியும் வரை கேட்டார்.

"இதுல நல்லா இருக்கான்" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். என் வாய் அப்படிப் பழகவில்லை என்று உனக்குத் தெரியும். அம்மா, இது அவன் குரல் இல்லை, இந்தப் பெட்டி பூசிக் கொடுக்கிற குரல், அவன் குரல் முதலில் கேட்டதுதான் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம்கூட இல்லை.

"பூசுனா இன்னாப்பா? அவனப் பூசித்தானே அனுப்புனோம்."

எழுந்து போகும்போது கதவருகே நின்று ஒன்று சொன்னார். வெள்ளிக்கிழமை அந்தச் சாம்பல் பொட்டி பாடினால் தான் கூடத்துக்கு வரப்போவதில்லை, படையலை மருமகனே போடட்டும். கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆக நிலைமை இது. அவருக்கு வேண்டிய ஜோடி திரும்பிப் போக வேண்டும். அவர் கேட்க மாட்டேன் என்கிற ஜோடி திரும்பிப் போக முடியாது. இரண்டையும் வாங்க என்னால் ஆகாது. கோப்பைத் தொட மாட்டேன். ட்ரெபிளைக் குறைக்கலாம் என்றால் நம் ஆம்ப்ளிஃபயரில் அந்தக் குமிழே கிடையாது. குமிழ் இல்லாததாகப் பார்த்து வாங்கியது நான். "உப்பு போடவே கூடாதுன்னு சட்டியிலயே எழுதி வாங்கின ஆளு" என்று நீ ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாய். குட்டியானைக்காரர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டார். "சார், கிளியனூர்ல ஒரு லோடு கீது. எது நிக்குது எது வருதுன்னு ஜல்தியா சொல்லுங்க, பேஜாரா கீது." உன் தங்கச்சி அவருக்கு மூன்றாவது டீ கொடுத்திருக்கிறாள். அவள் என்னைத் திட்டவில்லை. "அண்ணா, நீங்க சொன்னது சரிதான். அத அம்மா மூஞ்சியப் பாத்துதான் சொல்லணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

நீயும் இதையே ஒரு தடவை சொல்லியிருக்கிறாய். பொம்மையார்பாளையத்தில்.

அங்கே கடற்கரை விடுதிக்காரர் ஒருவர் தன் பழைய ஸ்பீக்கரை விற்கிறார் என்று போனோம். நல்ல மனிதர். மீன் வறுத்துக் கொடுத்தார், தனக்குப் பிடித்ததையெல்லாம் போட்டுக் காட்டினார். நாற்காலியைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார். அந்த இடத்தில் அடிச் சத்தம் குமுறும், யார் வீட்டிலும் குமுறும். நான் இரண்டாவது பாட்டிலேயே, உங்கள் நாற்காலி தப்பான இடத்தில் இருக்கிறது, இத்தனை வருஷமும் நீங்கள் தப்பாகத்தான் கேட்டிருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. பாட்டை அணைத்தார். விற்கிற யோசனையை மாற்றிக்கொண்டதாகச் சொல்லி வாசல் வரை வந்து வழியனுப்பினார். வெளியே படகு நிழலில் நின்று வண்டியை உதைத்துக்கொண்டே நீ சொன்னாய்.

"நீ சொன்னது உண்மதான். யாரு இல்லன்னா? அத ஏன் நேரா மூஞ்சில அடிக்கிற? கொஞ்சம் அந்தாண்ட பாத்துச் சொல்லேன். அவருக்கும் காதுல வுழும், வலிக்காது."

உண்மைக்கு எந்தப் பக்கம் பார்த்தால் என்ன என்று கேட்டேன். வண்டியை எடுத்த நீ பதில் சொல்லவில்லை.

பதில் சொல்லாதது மட்டும் இல்லை, அடுத்த வாரம் என் அறைக்கு வந்து வழக்கமான அக்கிரமத்தையும் செய்தாய். நான் தரையில் டேப் ஒட்டி, என் நாற்காலியைக் குறிபார்த்துத் திருப்பி வைத்த பெட்டிகளை, உள்ளே நுழைந்ததும் காலாலேயே தள்ளித் தள்ளி நேராக்கிவிடுவாய். கையால்கூட இல்லை, காலால். "ரெண்டும் என்னையே மொறைச்சுப் பாத்துக்கினு கீது மீட்டரு. போலீஸ் ஸ்டேஷன்ல உக்காந்த மாதிரி கீது. கொஞ்சம் நேரா பாக்கச் சொல்லு." நேராக வைத்தால் மேல் சத்தம் காதுக்கு நேராக வராமல் பக்கவாட்டில் போகும், கூர்மை குறையும், அது தப்பு என்று விளக்கி நான் மறுபடி டேப்புக்குக் கொண்டு வருவேன். நான் தண்ணீர் எடுக்கப் போனால் நீ மறுபடி

ஒரு நிமிஷம்.

நான் கீழே போகிறேன்.

மணி ஐந்து இருபது. வண்டி போய்விட்டது. குட்டியானைக்காரர் திட்டிக்கொண்டேதான் போனார். உன் மேஜைக்குத் திரும்பி வந்து எழுதுகிறேன்.

சாம்பல் ஜோடியை மறுபடி மாட்டினேன். சுவரிலிருந்து முன்னால் இழுத்தேன். தரைக்கு உன் தங்கச்சியிடம் ஜமுக்காளம் கேட்டு விரித்தேன். அப்புறம் நாற்காலியைக் குறிபார்த்திருந்த இரண்டு பெட்டியையும், சொன்னால் நீ சிரிப்பாய், காலால்தான் தள்ளினேன், நேராக்கினேன். இரண்டும் இப்போது யாரையும் பார்க்கவில்லை. ஒன்று படிக்கட்டைப் பார்த்தது, இன்னொன்று பீரோவைப் பார்த்தது. நாற்காலியில் மைக்கை வைத்து அளந்தேன். அடியிலிருந்து நடுவரை கோடு அசையவில்லை. மேலே, மூச்சின் பிசிறு இருக்கிற இடத்தில், கொஞ்சம் கொஞ்சமாக மூன்று டெசிபல் இறங்கியிருந்தது. படிக்கட்டோரம் போய் அளந்தேன். அங்கே முழுதாக இருந்தது. எதுவும் தொலையவில்லை. பார்க்கிற பக்கம்தான் மாறியிருந்தது.

கதவைத் தட்டினேன். அந்தச் சாம்பல் பொட்டியா என்று உள்ளிருந்து கேட்டார். ஆமாம் என்றேன். பொய் சொல்லி வெளியே அழைக்கவும் எனக்கு மனம் வரவில்லை. நான் கதவைப் பார்க்காமல், கூடத்துப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு சொன்னேன்.

"அம்மா, நான் வேற மாதிரி வச்சிருக்கேன். புடிக்கலைன்னா அந்தப் பழுப்ப வச்சிட்டு, இத என் வூட்டுக்கு எடுத்துக்கினு போயிடறேன். ஒரு தடவ கேளுங்க."

இரண்டுக்கும் பணம் எங்கிருந்து வரும் என்று எனக்கே தெரியாது. ஆனால் சொன்னது மெய்.

வந்தார். உட்காரவில்லை, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் அடி போனது. இரண்டாவது போனது. என் வேலையில் எத்தனையோ யந்திரத்தை ஓட்டிப் பார்த்து நின்றிருக்கிறேன், இப்படி நின்றதில்லை. மூச்சு வருகிற இடம் வந்தது. அவர் கை உயரவில்லை. அந்த இடத்தில் அவரும் ஒரு மூச்சு இழுத்தார், நீ இழுத்த அளவுக்கு. அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். மூன்றாவது அடியில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பாட்டு முடிந்ததும், "இப்ப பாடுறான்" என்றார். அப்புறம் என் பக்கம் பார்க்காமலே கேட்டார். "அந்த மூச்சு எங்கப்பா? எடுத்துட்டியா?"

வழக்கம்போல் ஆமாம் இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். இன்று முடியவில்லை.

"எடுக்கலம்மா. இருக்குது. இந்தாண்ட, படிக்கட்டாண்ட வந்து நின்னா கேக்கும்."

அவர் படிக்கட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நான் இன்னைக்கு வரல. நீ நின்னுக்கோ" என்றார். "இன்னொரு தபா போடு."

போட்டேன். அவர் நடுவில் உட்கார்ந்து உன் பாட்டைக் கேட்டார். நான் படிக்கட்டோரம் சுவரில் சாய்ந்து உன் மூச்சைக் கேட்டேன். ஒரே ஜோடிப் பெட்டி. உன் தங்கச்சி பழுப்பு ஜோடியை வண்டியில் ஏற்றிவிட்டு வந்து வாசலில் நின்றாள். அவளுக்கு எது கேட்டது என்று நான் கேட்கவில்லை.

நீ ஜெயித்தாய் என்று எழுத மாட்டேன். சாம்பல்தான் நின்றது. ஆனால் அதை நிறுத்தியது உன் கால். எந்தப் பெட்டி நல்ல பெட்டி என்று இத்தனை வருஷம் சண்டை போட்டோம். உள்ளதைச் சொல்கிற பெட்டி வேண்டும், அது எதிரில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்க விட வேண்டும். இரண்டும் ஒரே பெட்டியில் கிடைக்கும் என்பது எனக்கு இன்று மாலைதான் தெரிந்தது. நீ இருந்திருந்தால் இதை ஒப்புக்கொள்ள இன்னும் ரொம்ப நாள் எடுத்திருப்பேன்.

இனி நான் செய்யப் போவது:

1. நாளை வேலைக்குப் போகுமுன் இங்கே வந்து பெட்டியின் நாலு மூலைக்கும் தரையில் டேப் ஒட்டுவது. இந்த முறை நேராக.

2. வீடு பெருக்கும்போது பெட்டியை நகர்த்தினால் டேப்புக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று உன் தங்கச்சியிடம் சொல்வது. காலால் தள்ளினாலும் பரவாயில்லை என்றும் சொல்வது.

3. ட்வீட்டரில் இருக்கிற குங்குமக் கறையை இனித் துடைக்க முயல்வதில்லை.

4. வெள்ளிக்கிழமை சத்தத்தை உன் அம்மா கைகாட்டுகிற அளவுக்கு வைப்பது. மீட்டரை விழுப்புரத்திலேயே விட்டுவிட்டு வருவது.

5. பொம்மையார்பாளையம் போய் அந்த விடுதிக்காரரிடம், நாற்காலியைச் சுவரிலிருந்து இரண்டு அடி முன்னால் போட்டுப் பார்க்கச் சொல்வது. சொல்லும்போது கடலைப் பார்த்துக்கொண்டு சொல்வது.

6. படிக்கட்டோரம் ஒரு நாற்காலி போட்டு வைப்பது. எதற்கென்று யாரிடமும் சொல்லாமல். உன் அம்மா என்றைக்காவது அந்தப் பக்கம் வந்தால், நின்றுகொண்டு கேட்க வேண்டியதில்லை.